உறைபனிக்கு மாட்டுக் கொட்டகையை நாலு பக்கமும் மூடலாமா? உள்ளே தகரத்திலிருந்து தண்ணி சொட்டுது

எமரால்டு ஆறுமாடு | டிசம்பர் 3, காலை 6.50

எங்க நீலகிரி எமரால்டுல நீர்ப்பனி முடிஞ்சு உறைபனி ஆரம்பிச்சாச்சு. கொட்டகை 24 அடி நீளம், 15 அடி அகலம். ஒற்றைச் சாய்வு தகரக் கூரை, மேற்கே 10 அடி, கிழக்கே 7 அடி. சுவர் நாலு அடி சாலிட் பிளாக், அதுக்கு மேலே திறப்பு. உள்ளே நாலு ஜெர்சி கலப்பு மாடு, ரெண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடு, ரெண்டு கன்னுக்குட்டி. திறப்பு முழுக்க தார்ப்பாய் கட்டி இறுக்கியாச்சு. ஆனா காலையில தகரத்துக்கு அடியில மழை மாதிரி சொட்டுது, மாட்டு முதுகெல்லாம் ஈரம். மூணு மாடு இருமுது. பாலும் குறைஞ்சிருக்கு. இன்னும் எங்கேயோ குளிர் உள்ளே வருதுன்னு தோணுது. 200 வாட் பல்பு ரெண்டு போடலாமா, இல்ல ராத்திரி கரி அடுப்பு வைக்கலாமா?

குந்தா மேசன் | டிசம்பர் 3, காலை 9.15

அடுப்பு வேண்டாம். மூடின கொட்டகையில கரி எரிச்சா மாடு குளிர்ல சாகாது, புகையில சாகும். பல்பும் வேண்டாம். தார்ப்பாயை அவிழ்.

கால்நடை ஓய்வு | டிசம்பர் 3, காலை 11.30

மேசன் சொன்னது சரி, ஆனால் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை ராத்திரி மறுபடி கட்டுவார்.

400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாடு மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறது. ஆறு மாட்டுக்கு 60 லிட்டர். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை 30 லிட்டர், அதாவது இரண்டு பெரிய பக்கெட். மூத்திரமும் கழுவிய தரையும் தனி. உங்கள் கொட்டகையின் உள்ளளவு சுமார் 90 கன மீட்டர். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் ஆவியைத் தாங்கும். மொத்தக் கொட்டகைக் காற்றும் சேர்ந்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்காது. மிச்சம் 29 லிட்டர் எங்கே போகும்? வெட்டவெளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகரம், வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோய் இருக்கும். அதில் ஒட்டி, சொட்டி, மாட்டு முதுகுக்கே திரும்பி வருகிறது.

ஈரமில்லாத, வயிறு நிறையத் தின்கிற கறவை மாடு சுழியம் டிகிரியிலும் தாங்கும். ரோமம் நனைந்துவிட்டால் அதே மாட்டுக்கு 15 டிகிரியிலேயே குளிரெடுக்க ஆரம்பித்துவிடும். குளிரைத் தடுக்கிறேன் என்று மாட்டை நனைக்கிறீர்கள். இருமலுக்குக் காரணம் பனி இல்லை, அந்த ஈரக் காற்றும், மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும்.

சோதனை: காலை ஐந்து மணிக்கு உள்ளே போய் குத்துக்காலிட்டு உட்காருங்கள். மூக்கு தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்க வேண்டும், படுத்த மாட்டின் மூக்கு இருக்கும் உயரம். நாலு மூச்சுக்குள் கண் எரிந்தால் காற்று போதவில்லை. நின்றுகொண்டு மோந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயன் இல்லை.

மூன்று மாடும் இருமுவதால் காய்ச்சல் பாருங்கள். 103 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் கொட்டகை வேலையை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குந்தா மேசன் | டிசம்பர் 3, மாலை 4.05

அளவு. முகடு உள்ள ரெட்டைச் சாய்வுக் கூரைன்னா, 10 அடி அகலத்துக்கு 2 அங்குலம் முகட்டுல நீளம் முழுக்கத் திறப்பு விடணும். அதே அளவை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பக்க இறவாணத்துக்கும் (கூரையோட தாழ்ந்த ஓரம்). உங்க 15 அடிக்கு 3 அங்குலம். ஒற்றைச் சாய்வுல முகடு கிடையாது, அதனால உயரமான பக்கம் மறைப்போட தலைக்கும் தகரத்துக்கும் நடுவுல 3 அங்குலம், தாழ்ந்த பக்கம் 3 அங்குலம்.

தார்ப்பாயை முழுசா எடுக்கச் சொல்லல. தகரத்துக்குக் கீழே அந்த இடைவெளியை விட்டு, சுவர் வரைக்கும் மிச்சத்தை மறைங்க. படுத்த மாட்டு மேலே காத்து நேரா அடிக்கக்கூடாது, தலைக்கு மேலே ஓடணும். தார்ப்பாயைவிட 75 சதவீத பச்சை நிழல்வலை ரெட்டையாப் போட்டா நல்லது. முழு மறைப்பு காத்தை மேலே தூக்கி உள்ளே சுழிக்க வைக்கும். ஓட்டை உள்ளது வேகத்தை மட்டும் குறைக்கும்.

தேவாலா மழை | டிசம்பர் 3, இரவு 9.20

கூடலூர் பக்கம் இந்தக் கேள்வியே வராது. ஆயிரம் மீட்டர்தான், உறைபனி கிடையாது. எங்களுக்கு ஜூன்ல இருந்து ஆரம்பிக்கும். எங்க ஊர்ல மழை நேரா மேலிருந்து கீழே விழுந்தா அது செய்தி.

பூம்பாறை மேல்மலை | டிசம்பர் 4, காலை 7.40

கொடைக்கானல் மேல்மலையில் இன்னொரு பழக்கம் உண்டு. தோடர் எருமைகளைப் பாருங்கள், கூரையே இல்லாத வட்டக் கல்தொழுவத்தில் நீலகிரிப் பனியில் நிற்கின்றன, ஜெர்சிக்கு மட்டும் என்ன என்று சொல்லி மாட்டை வெளியே கட்டுகிறார்கள்.

கால்நடை ஓய்வு | டிசம்பர் 4, காலை 10.10

அந்த உதாரணம் பாதிதான் பொருந்தும். தோடா எருமைக்கு அடர்ந்த முடி, தலைமுறை தலைமுறையாக அதே புல்வெளி. கன்றுகளைத் தனியே கூரைக்குள்தான் அடைப்பார்கள். பத்து பன்னிரண்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாடு மெல்லிய தோலும் பெரிய மடியும் கொண்டது. அதற்குக் கூரை வேண்டும், காய்ந்த படுக்கை வேண்டும். சுவர்தான் அவ்வளவு அவசியமில்லை.

எமரால்டு ஆறுமாடு | டிசம்பர் 6, காலை 6.30

காய்ச்சல் ஒரு மாட்டுக்குத்தான், ஊசி போட்டாச்சு. மேற்கிலும் கிழக்கிலும் 3 அங்குலம் விட்டாச்சு. சொட்டுறது பாதியாக் குறைஞ்சிருக்கு, நிக்கல. இப்போ வரிசை வரிசையா சொட்டுது. மூணு கோடு.

குந்தா மேசன் | டிசம்பர் 6, காலை 8.50

மூணு கோடும் பர்லின் பைப்புக்கு (தகரத்தைத் தாங்குற குறுக்குப் பைப்) நேர் கீழே இருக்கும், பாருங்க. தகரத்துக்கு அடியில பிடிக்கிற தண்ணி சாய்வுல வழிஞ்சு இறங்கி, பர்லின்ல முட்டி அங்கதான் விழும். சாய்வு நல்லா இருந்தா வேகமா ஓடும். உங்களுக்கு 15 அடிக்கு 3 அடி இறக்கம்தான், அஞ்சுக்கு ஒண்ணு. இந்த மலைக்கு மூணுக்கு ஒண்ணு வேணும். இப்போ மாத்த முடியாது.

நான் போட்ட கணக்கைத் திருத்துறேன். அந்த 2 அங்குலக் கணக்கு உயரமான முகட்டுக்கு. சூடான காத்து ஏற உயர வித்தியாசம் வேணும். உங்க ரெண்டு திறப்புக்கும் நடுவுல மூணு அடிதான் வித்தியாசம், இழுவை பத்தாது. 6 அங்குலமா ஆக்குங்க, ரெண்டு பக்கமும். மேற்குப் பக்கம் ஜூன்ல மழை வரும், அதை அப்புறம் பார்த்துக்கலாம்.

தேவாலா மழை | டிசம்பர் 6, மதியம் 1.15

தகரத்துக்கு அடியில தெர்மாகோல் ஒட்டினா சொட்டாதுன்னு சொல்றாங்களே?

குந்தா மேசன் | டிசம்பர் 6, மதியம் 2.00

காத்து வெளியேறாம தெர்மாகோல் ஒட்டினா, தகரத்துல சொட்டாது, சுவர்ல வழியும். தண்ணி அதே 30 லிட்டர்தான். முதல்ல திறப்பு, அப்புறம் வேணும்னா மறைப்பு. அதுவும் தெர்மாகோல்னா எலி ஆறு மாசத்துல பொடியாக்கிடும். மூங்கில் தட்டி போட்டு இடைவெளி விட்டா அங்கே எலிக் குடும்பமே நடக்கும். அலுமினியத் தாள் ஒட்டின நுரைச் சுருள் பர்லினுக்கும் தகரத்துக்கும் நடுவுல போடறதுதான் நிக்குது, ஆனா அது தகரம் அடிக்கும்போதே போடணும். அப்புறம் அடியில ஆணியில தொங்கவிட்டா தொங்கியே போயிடும்.

எமரால்டு ஆறுமாடு | டிசம்பர் 10, காலை 6.45

6 அங்குலம். சொட்டு நின்னுடுச்சு. உள்ளே முன்னைவிட 3 டிகிரி குறைவு. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், கண் எரியல. ஆனா தரை ஈரமாவே இருக்கு. சிமெண்ட் தரை, மேலே ரப்பர் பாய் இருக்கு. படுக்கைக்கு காசில்லாம ஏதாவது போடலாம்னு மேட்டுல இருக்கிற பெரணியை வெட்டிக் காயவெச்சிருக்கேன். மலை முழுக்க கிடக்கு.

கால்நடை ஓய்வு | டிசம்பர் 10, காலை 7.05

நிறுத்துங்கள். தரையிலிருந்து ஒற்றைக் காம்பாக எழுந்து, முக்கோணமாக விரியும் பெரணியா? எரிந்த இடத்திலும் வெட்டின இடத்திலும் முதலில் முளைப்பது? அப்படியானால் ஒரு கட்டுகூட உள்ளே போகக்கூடாது. நீலகிரி மாடுகளுக்கு வரும் ரத்த மூத்திர நோய்க்குக் காரணம் அதுதான். சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் வந்து, மாதக் கணக்கில் ரத்தம் போய், மாடு வெளிறிச் சாகும். காய்ந்தாலும் விஷம் போகாது. பாலிலும் இறங்கும்.

"படுக்கைக்குத்தானே, தின்னாதே" என்று சொல்வீர்கள். தீவனம் குறைந்த ராத்திரியில் மாடு படுக்கையைத் தின்னும். உண்ணிச்செடித் தழையும் அதே கதை, அது ஈரலைப் பிடிக்கும்.

பூம்பாறை மேல்மலை | டிசம்பர் 10, இரவு 8.00

வைக்கோல் மலைக்கு ஏறி வரும்போது விலை இரட்டிப்பாகிவிடுகிறது. வத்தலக்குண்டிலிருந்து எங்களுக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து உங்களுக்கு. ஆகவே அதைத் தீவனமாகக் கொடுங்கள், படுக்கைக்கு மர இழைப்புச் சுருள் தேடுங்கள். சில்வர் ஓக் இழைக்கும் பட்டறைகளில் கிடைக்கும். அறுவை மில்லின் ஈர மரத்தூள் வேண்டாம். பச்சை மரத்தூளில் மடிநோய்க் கிருமி பெருகும். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். உருண்டை நின்றால் தார்ப்பாயில் விரித்து இரண்டு நாள் வெயில் காட்டுங்கள்.

தேவாலா மழை | டிசம்பர் 10, இரவு 8.25

தார்ப்பாய்க்கு வேலை கிடைச்சிருச்சு.

குந்தா மேசன் | டிசம்பர் 11, காலை 9.30

ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்க. அடியில மூத்திரம் தேங்கியிருக்கும், நாத்தம் அங்கேருந்துதான். பாயோட அடிப்பக்கக் கோடு தரைச் சாய்வு போற திசையிலேயே இருக்கணும். குறுக்கே போட்டா ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி அணை. வாரம் ஒரு தடவை தூக்கிக் கழுவி, தரை காய்ஞ்ச பிறகு போடுங்க.

தரைச் சாய்வு மாடு நிக்கிற இடத்துல அறுபதுக்கு ஒண்ணு போதும். ஐந்தரை அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அதைவிட அதிகமா விட்டா சினை மாடு பின்னங்கால்ல அழுத்தி நிக்கும். வாய்க்கால்தான் வேகமா ஓடணும், நாற்பதுக்கு ஒண்ணு. அகலம் ஓர் அடி, மண்வெட்டி உள்ளே போகணும்.

எமரால்டு ஆறுமாடு | டிசம்பர் 11, மாலை 5.50

24 அடி வாய்க்காலுக்கு நாற்பதுக்கு ஒண்ணுன்னா 18 செ.மீ. இறக்கம். ஆரம்பத்துல 8 செ.மீ. ஆழம் வெச்சா கடைசியில 26. மாடு கால் விட்டா உடைஞ்சிடுமே?

குந்தா மேசன் | டிசம்பர் 11, மாலை 6.20

கணக்கு சரி. நான் யோசிக்காம சொல்லிட்டேன். வெளிவாயை ஓரத்துல வைக்காதீங்க, நீளத்துக்கு நடுவுல வைங்க. ரெண்டு பக்கமும் 12 அடிதான், 9 செ.மீ. இறக்கம். ஓரத்துல 8, நடுவுல 17. நடுவுல மூணு அடிக்கு மட்டும் 12 மி.மீ. கம்பியில ஜல்லடை மூடி. கம்பி இடைவெளி ஒண்ணேகால் அங்குலத்துக்கு மேல போனா குளம்பு சிக்கும்.

நூறுக்கு ஒண்ணு போதும்னு சொல்ற மேஸ்திரி வருவார். வெறும் தண்ணிக்கு அது போதும். நம்ம மலையில மாட்டுக்கு முட்டைக்கோஸ் இலையும் காலிஃபிளவர் தண்டும் கேரட்டும் போடறோம், சாணி கூழா வரும். கூழ் நூறுக்கு ஒண்ணுல உட்கார்ந்துடும்.

கால்நடை ஓய்வு | டிசம்பர் 11, இரவு 7.45

அந்தக் கூழ்ச் சாணியைக் கொட்டகையால் மட்டும் சரிசெய்ய முடியாது. கோஸ் இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மாலையில் முதலில் வைக்கோலோ காய்ந்த புல்லோ கொடுத்து, பிறகு இலை. நார்த்தீவனம் வயிற்றில் புளிக்கும்போது வரும் சூடுதான் மாட்டின் ராத்திரி அடுப்பு. மருந்தடித்த தோட்டத்து இலையை அன்றே போட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. மாலையில் தரையைக் கழுவாதீர்கள். சுரண்டி அள்ளுங்கள், அவ்வளவுதான். கழுவுவது காலையில், வெயில் வரும் நேரத்தில்.

பூம்பாறை மேல்மலை | டிசம்பர் 15, காலை 8.30

கன்றுக்குட்டியை யாரும் பேசவில்லை. பெரிய மாட்டுக்குச் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. பிறந்த கன்றுக்கு 15 டிகிரிக்குக் கீழே போனாலே குளிர்தான். நாலு அடிக்கு ஆறு அடி அறை, மூன்று பக்கம் பலகை, தரையில் வைக்கோல். கன்று படுத்தால் கால் தெரியாத அளவு வைக்கோல் வேண்டும். கால் முழுக்கத் தெரிந்தால் போதவில்லை. சாக்குப் போர்வை நல்லது, நனைந்த சாக்கு நல்லதல்ல. இரண்டு சாக்கு வைத்து மாற்றுங்கள்.

தேவாலா மழை | டிசம்பர் 15, காலை 9.10

சிறுத்தை? கன்னுக்குட்டி அறைக்குக் கதவு முக்கியம்.

குந்தா மேசன் | டிசம்பர் 15, காலை 11.40

6 அங்குலத் திறப்புல சிறுத்தை வராது. சுவருக்கு மேலே ஒண்ணரை, ரெண்டு அடி திறந்திருக்கிற இடத்துல வரும். அங்கே 10 கேஜ் வெல்ட்மெஷ் (பற்றவெச்ச கம்பிவலை), ரெண்டு அங்குலக் கட்டம், ஆங்கிள் சட்டத்துல வெல்டிங் வெச்சு. கோழிவலை ஆணியடிச்சா அது அலங்காரம். கதவுக்கு அடியில நாலு அங்குலத்துக்கு மேல சந்து விடாதீங்க.

கால்நடை ஓய்வு | டிசம்பர் 15, மதியம் 12.15

அசம்பாவிதம் நடந்தால் வனத்துறையினர் வந்து பார்க்கும்வரை உடலை நகர்த்தக்கூடாது. புதைத்துவிட்டு நிவாரணம் கேட்டால் கிடைக்காது.

எமரால்டு ஆறுமாடு | ஜனவரி 9, இரவு 8.10

இருமல் இல்லை. பால் பழைய அளவுக்கு வந்தாச்சு. தம்பி ஒருத்தர் பக்கத்து மேட்டுல புதுசாக் கட்டறார். எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்? கீழ்நாட்டு (சமவெளி) கொட்டகை வரைபடத்துல கிழக்கு மேற்கா நீளம்னு போட்டிருக்கு.

குந்தா மேசன் | ஜனவரி 10, காலை 7.30

அந்த வரைபடம் வெயிலை வெளியே நிறுத்தறதுக்கு வரைஞ்சது. நமக்கு வெயில் உள்ளே வரணும். திறந்த முகம் தென்கிழக்கு. டிசம்பர்ல காலை எட்டரைக்கு சூரியன் தென்கிழக்குல 24 டிகிரி உயரத்துல இருக்கும். ஏழு அடி உயரத் திறப்புல தரையில 15 அடி உள்ளே வரும். பின்சுவர் வரைக்கும் காயும். அதே திறப்பை நேர் தெற்குல வெச்சா மதியம் 55 டிகிரி, அஞ்சு அடிதான் உள்ளே விழும், அதுல இறவாணம் ரெண்டு அடியைத் தின்னுடும்.

கிழக்கே மலை உசரமா இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. டிசம்பர்ல எந்த நேரத்துக்கு அந்த மேட்டுல முதல் வெயில் படுதுன்னு பார்த்துட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்க. பள்ளத்துல வேண்டாம். குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி இறங்கிப் பள்ளத்துல தேங்கும், உறைபனி முதல்ல விழறது அங்கதான்.

தேவாலா மழை | ஜனவரி 10, காலை 8.00

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தென்கிழக்கு எடுபடுமா? அங்கே வடகிழக்கு மழைதானே பெருமழை. 2009 நவம்பர் மழையும் மண்சரிவும் ஞாபகம் இருக்கா?

குந்தா மேசன் | ஜனவரி 10, காலை 9.20

சரியான கேள்வி. அங்கே வடகிழக்கு மூலையை முழுச் சுவராக்கிட்டு திறப்பைத் தெற்குப் பக்கம் தள்ளணும். எமரால்டு, அவலாஞ்சிக்கு மேற்கும் தென்மேற்கும் சுவர். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டினது எந்தப் பக்கத்துலருந்துன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

சரிவுல கட்டறார்னா இன்னும் மூணு விஷயம். மேல்பக்க வெட்டுச் சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவுல மூணு அடி இடம், அதுல ஒரு வடிகால். தடுப்புச் சுவர்ல அஞ்சு அடிக்கு ஒரு கசிவுத் துளை, பின்னாடி ஜல்லி. துளையை விட்டுட்டு ஜல்லி போடாதவங்க நிறைய, ரெண்டு மழையில மண் அடைச்சுக்கும். தரைக்கு அடியில அரை அடி கல் சோலிங் (கல் அடுக்கு), மேலே 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், அப்புறம் காங்கிரீட். தாள் போடலன்னா மழைக்காலம் முழுக்க தரை கீழேருந்து வியர்க்கும். சாணிக்குழியைக் கீழ்த் தடுப்புச் சுவர் விளிம்புல வைக்காதீங்க, ஊறி சுவரையே தள்ளும். இயந்திரம் வெச்சு மண் வெட்ட அனுமதி வேணும், அதை முன்னாடியே கேட்டுக்கச் சொல்லுங்க.

பூம்பாறை மேல்மலை | ஜனவரி 12, மாலை 6.00

சாணிக்குழி என்றதும் சாண எரிவாயு நினைவுக்கு வந்தது. 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணி வேண்டும், நாலைந்து மாடு போதும். ஆனால் 15 டிகிரிக்குக் கீழே வாயு வெகுவாகக் குறையும், 10க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடும். கலனைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு மக்குகிற உரத்தைக் குவித்தும், வெந்நீரில் சாணி கரைத்தும் ஓட்டலாம். ஜனவரியில் சமையலுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எமரால்டு ஆறுமாடு | ஜூன் 14, காலை 7.00

மேற்குத் திறப்பு வழியா மழை உள்ளே அடிக்குது. ரெண்டு மாட்டோட தீவனத்தொட்டி நனையுது. தார்ப்பாய் கட்டிட்டேன். தற்காலிகம்தான்.

குந்தா மேசன் | ஜூன் 14, காலை 7.10

அவிழ். தகரம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீட்டியிருக்கு?

எமரால்டு ஆறுமாடு | ஜூன் 14, காலை 7.25

ஓர் அடி.

குந்தா மேசன் | ஜூன் 14, காலை 8.40

மூணு அடிக்கு ஒரு ஆங்கிள் முட்டு சுவர்லருந்து கொடுத்து, இன்னொரு ஒண்ணரை அடித் தகரம் நீட்டுங்க. முட்டு இல்லாம நீட்டினா காத்து தூக்கிடும். நீட்டின விளிம்புல இருந்து ஓர் அடிக்குத் தகரம் செங்குத்தாத் தொங்கணும். காத்து சுவர் தலையில வெளியே வந்து, தொங்கு தகரத்துல முட்டிக் கீழே திரும்பிப் போகும். மழை நேரா உள்ளே வராது. ஆனா உங்க மேட்டுல பள்ளத்துலருந்து மேலே ஏறி வர்ற மழையும் உண்டு. அதுக்கு சுவர்லருந்து தொங்கு தகர அடிவிளிம்பு வரைக்கும் நிழல்வலை ஒத்தையாக் கட்டினா போதும். ரெட்டை வேண்டாம், பாசி பிடிச்சு அடைச்சுக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தென்னந்துடைப்பத்தால தட்டணும்.

எமரால்டு ஆறுமாடு | ஜூன் 22, இரவு 9.05

போட்டாச்சு. தொட்டி நனையல. மேல சொட்டும் இல்லை. தார்ப்பாய் இப்போ விறகு மேலே கிடக்கு.

தேவாலா மழை | ஜூன் 22, இரவு 9.30

விறகுக்கும் ஓரத்துல 6 அங்குலம் விடுங்க, மேசன் பார்த்துட்டிருக்கார்.